பழைய பைக்குக்கு மீட்டர், கேபிள் பொருத்தம் பார்ப்பது எப்படி

மாற்று மீட்டர் டூமில் (ஹெட்லைட் கூட்டில்) கச்சிதமாக உட்காரும். நட்டு பிடிக்கும், முள்ளும் எழும்பும். வேலை முடிந்தது என்று வண்டியை எடுத்தால், வேலூரிலிருந்து ஆம்பூர் போய்ச் சேரும்போது 50 கிலோமீட்டருக்குப் பதில் 70 ஏறியிருக்கும். மீட்டரில் பழுது ஒன்றும் இல்லை. அது வேறு வண்டிக்குப் பிறந்த மீட்டர், அவ்வளவுதான்.

பழைய மீட்டர் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது டயலின் அழகு, கண்ணாடியின் தெளிவு, வட்டத்தின் அளவு. இதெல்லாம் இரண்டாம்பட்சம். ஒரு கிலோமீட்டர் ஓட கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று அந்த மீட்டர் எதிர்பார்க்கிறது? உங்கள் வண்டி எத்தனை சுற்று கொடுக்கிறது? இந்த இரண்டும் ஒன்றானால் பொருத்தம். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பொய்தான் சொல்லும். இந்த எண்ணைக் கீழே ‘சுற்று எண்’ என்றே குறிப்பிடுகிறோம்.

மீட்டருக்குள் நடப்பது

கேபிள் சுற்றும்போது மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும். அதைத் தொடாமல், மேலே கவிழ்த்த மாதிரி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும்; முள் அந்தக் கிண்ணத்தின் தண்டில் நிற்கிறது. காந்தம் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும், தலைமுடி மாதிரியான ஒரு சுருள் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும்.

ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டரின் கதை வேறு. அதற்குக் காந்தமும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. அதே தண்டிலிருந்து வார்ம் கியர் வழியாகப் பல்லோடு பல் கடித்து ஓடுகிறது. அதனால் முள் பொய் சொல்லலாம். ஓடோமீட்டர் தனக்கு வந்த சுற்றைச் சரியாக எண்ணியே தீரும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இந்த வித்தியாசமே போதும்.

முள்ளும் ஓடோமீட்டரும் ஒரே விகிதத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் சுற்று எண் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஓடோமீட்டர் சரி, முள் மட்டும் தப்பு என்றால் கோளாறு மீட்டருக்குள்: காந்தத்தின் வலு குறைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது யாரோ முள்ளைப் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தியிருப்பார்கள். முள் ஓடி, ஓடோமீட்டர் மட்டும் நின்றுபோனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும். இரண்டும் நின்றுவிட்டால் முதலில் கேபிளைப் பாருங்கள், பிறகு வீல் பினியனை (வீலின் சுற்றைக் கேபிளுக்குக் கொடுக்கும் பல்பெட்டி). மீட்டரைக் கடைசியாகச் சந்தேகப்பட்டால் போதும். நம் ஊரில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. முள் நின்றால் முதல் பழி மீட்டர் மேல் விழும்.

(மிகப் பழைய புல்லட்டில் இருக்கும் ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டரில் முள் டிக் டிக் என்று படிப்படியாகத் தாவும். அது அதன் பிறவிக் குணம். பழுது என்று நினைத்து யாரிடமும் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள்.)

டயலில் எழுதியிருக்கிறதா பாருங்கள்

சில மீட்டர்களில் சுற்று எண் டயலிலேயே, அடிப்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்மித்ஸ் மீட்டரில் 1600 என்று இருந்தால் ஒரு மைலுக்கு 1600 சுற்று. கிலோமீட்டருக்கு மாற்ற 1.609 ஆல் வகுக்க வேண்டும், 994 வரும். ஆக மைல் டயலில் 1600 என்பதும், கிலோமீட்டர் டயலில் 1000 என்பதும் நடைமுறையில் ஒன்றே. மைல் மீட்டரை எடுத்துவிட்டு கிலோமீட்டர் மீட்டர் போடுகிறவர்கள் இரண்டிலும் 1600 இருக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம்.

ஜெர்மன் விடிஓ மீட்டர்களில் டபிள்யூ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 0.7, 1.0 மாதிரி எண் இருக்கும். அது ஒரு மீட்டர் தூரத்துக்கான சுற்று. ஆயிரத்தால் பெருக்கினால் கிலோமீட்டருக்கு வந்துவிடும். ஜப்பானிய பைக் மீட்டர்களில் வழக்கமான எண் 1400. அந்த வழியில் இங்கே வந்த 100 சிசி வண்டிகளிலும் இதையே எதிர்பார்க்கலாம். ஆனால் எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. ஏனென்றால் நம் சந்தையில் கிடைக்கும் மாற்று மீட்டர்கள் பலவற்றில் எந்த எண்ணும் இருக்காது. அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் வண்டிப் பெயர் மட்டும்தான் இருக்கும்.

வண்டி எத்தனை சுற்று கொடுக்கிறது

முதலில் டயரின் சுற்றளவு. முன்வீலில் சரியான காற்று இருக்கட்டும். ஓட்டுபவர் மேலே உட்கார வேண்டும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, நேராகத் தள்ளி, மூன்று முழுச் சுற்று முடிந்த இடத்தில் மறுபடி கோடு போடுங்கள். தூரத்தை டேப்பில் அளந்து மூன்றால் வகுத்தால் சுற்றளவு. டயரில் எழுதியிருக்கும் அளவை வைத்துக் கணக்குப் போடலாம் என்றாலும், எடை ஏறும்போது டயர் அமுங்குவதால் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். 2.75-18 டயருக்குக் கணக்கில் சுமார் 1.87 மீட்டர், ஆள் உட்கார்ந்து தள்ளினால் 1.85 பக்கம் நிற்கும்.

அடுத்தது பினியன். கேபிளின் மேல்முனையை மீட்டரிலிருந்து கழற்றுங்கள். உள்ளே இருக்கும் இன்னர் ஒயர் முனையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பைக் கொடி மாதிரி ஒட்டுங்கள். முன்வீலைத் தரையிலிருந்து தூக்கி, ஓடும் திசையிலேயே மெதுவாகச் சரியாக 10 சுற்று சுற்ற வேண்டும். ஒருவர் வீலைப் பார்க்க, இன்னொருவர் கொடியை எண்ணட்டும். முழுச் சுற்று போக மீதி கால், அரை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

10 வீல் சுற்றுக்குக் கொடி 26 சுற்று சுற்றியது என்று வையுங்கள். ஒரு வீல் சுற்றுக்கு 2.6. சுற்றளவு 1.85 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு வீல் 1000 ÷ 1.85 = 540.5 சுற்று. 540.5 × 2.6 = 1405. இது சுற்று எண் 1400 உள்ள மீட்டரைக் கேட்கும் வண்டி.

கொடி எந்தப் பக்கம் சுற்றியது என்பதையும் பாருங்கள். கேபிள் முனை உங்கள் முகத்தைப் பார்த்திருக்கும்போது கடிகாரத் திசையா, எதிர்த்திசையா என்று எழுதி வையுங்கள். மீட்டர் பார்க்கும் நேரத்தில் இது தேவைப்படும்.

ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் இதைப் பின்வீலில் செய்ய வேண்டும். அவற்றில் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. கியரில் போட்டுச் சுற்ற வேண்டியதில்லை, நியூட்ரலிலேயே செயின் இழுத்துக்கொள்ளும். அதே காரணத்தால், இந்த வண்டிகளில் செயின் ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையை மாற்றினாலே மீட்டர் கணக்கும் மாறிவிடும். மீட்டர் திடீரென்று தப்பாகக் காட்டுகிறது என்றால், போன முறை செயின் கிட் மாற்றியபோது எத்தனை பல் போட்டார்கள் என்று விசாரியுங்கள்.

மீட்டர் எத்தனை சுற்று கேட்கிறது

பழைய இன்னர் ஒயர் ஒன்றில் 15 சென்டிமீட்டர் துண்டு, முனை கெடாமல் இருக்க வேண்டும். பழைய மீட்டர் வாங்கச் சென்னைப் புதுப்பேட்டை போகிறவர்கள் இந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. முனையை மீட்டரின் பின்பக்கத் துளையில் செருகி விரலால் சுற்றுங்கள். ஓடோமீட்டரின் கடைசி இலக்கம் 100 மீட்டர் காட்டுவதாக இருந்தால், அது ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு முழுதாக நகர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். 140 என்றால் அந்த மீட்டரின் சுற்று எண் 1400. 100 என்றால் சுற்று எண் 1000. தொடக்கத்தில் பல்லிடை ஆட்டம் இருக்கும் என்பதால் முதல் நகர்வை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எண்ணுவதே சரி. 100 மீட்டர் இலக்கம் இல்லாத மீட்டர் என்றால் ஒரு முழுக் கிலோமீட்டரும் சுற்ற வேண்டும், விரல் வலிக்கும். டிரில் மெஷின் வைத்திருக்கும் கடையில் கேளுங்கள்.

எந்தப் பக்கம் சுற்றினால் முள் எழும்புகிறது என்று இப்போது பாருங்கள். கேபிள் முனையை எதிரே வைத்துப் பார்த்த திசையும், மீட்டரின் துளையை எதிரே வைத்துப் பார்க்கும் திசையும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். இரண்டு முகமும் நேருக்கு நேர் சேரப்போகின்றன அல்லவா? திசை மாறிய மீட்டரைப் போட்டால் முள் பூஜ்யத்து முளையில் முட்டிக்கொண்டு நிற்கும், ஓடோமீட்டர் பின்னோக்கி ஓடும்.

டிரில் கிடைத்தால் முள்ளையும் சோதித்துவிடலாம். டிரில்லின் வேகம் எவ்வளவு என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. துண்டு ஒயரை டிரில்லில் மாட்டி, முள் 60-ல் அசையாமல் நிற்கும்படி பிடித்து, கைபேசியில் சரியாக ஒரு நிமிடம் வையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒன்று. ஓடோமீட்டர் ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் முள்ளும் பல்லும் ஒத்துப்போகின்றன. 1.2 நகர்ந்து முள் 60-லேயே நின்றது என்றால் காந்தம் சோர்ந்துவிட்டது. உண்மையில் 72-ல் போகும்போது அந்த மீட்டர் 60 என்று சொல்லும். குறைத்துக் காட்டும் மீட்டர் ஆபத்தானது. அதை வாங்காதீர்கள்.

பொருந்தாவிட்டால்

1400 சுற்று கொடுக்கும் வண்டியில் சுற்று எண் 1000 உள்ள மீட்டரைப் போட்டால், 50-ல் போகும்போது 70 காட்டும். 1000 சுற்று கொடுக்கும் வண்டியில் சுற்று எண் 1400 உள்ள மீட்டரைப் போட்டால், 70-ல் போகும்போது 50 காட்டும். முதலாவது எரிச்சல், இரண்டாவது விபத்து. நூற்றுக்கு நான்கைந்து வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம், கூடுதலாகக் காட்டும் பக்கமாக இருக்கும் வரை. டயர் மாற்றினாலே அவ்வளவு வரும்: 2.75-18 இருந்த முன்வீலில் 90/90-18 போட்டால் சுற்றளவு நூற்றுக்கு நாலு அளவுக்குக் கூடும். நிஜத்தில் 60 போகும்போது மீட்டர் 58 பக்கம்தான் காட்டும்.

வித்தியாசம் பெரியது என்றால் ஸ்பிரிங்கை முறுக்கிச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்கைத் தொட்டால் முள் மட்டும் மாறும். ஓடோமீட்டர் பழையபடி தப்பாகவே ஓடும். சுற்று எண் சரியான மீட்டரைத் தேடுவது ஒரு வழி. வீல் பினியன் செட்டை மாற்றுவது இன்னொரு வழி. யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு வேறு வண்டியின் டிஸ்க் பிரேக் முன்பக்கத்தைப் போடுகிறவர்களுக்கு எளிய வழி இது: எந்த வண்டியின் ஹப்போ (வீலின் நடுப்பகுதி), அந்த வண்டியின் பினியன், கேபிளின் கீழ்முனை, மீட்டர் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்துவிடுங்கள். பழைய மீட்டரின் முகம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எண்ணிப் பார்க்கும் வேலை உங்களுடையது.

கேபிள்

பழைய கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பாதி நேரம் ஏதாவது ஒன்று இடிக்கும்.

மேல் நட்டின் மரையை முதலில் பாருங்கள். ஜப்பானிய வழி மீட்டர்களில் 12 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை இடைவெளி. ஆங்கிலேய வழி மீட்டர்களில் அங்குல மரை வரும். இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், முதல் இரண்டு சுற்று ஏறவும் செய்யும். விரலால் சுகமாக ஏறாத நட்டைப் பிளையர் போட்டு முறுக்கினால் மீட்டரின் கழுத்து மரை போய்விடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

இன்னர் முனை சதுரமா, தட்டையா? சதுரம் என்றால் வெர்னியரில் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். துளைக்குள் லொடலொடவென்று ஆடினால் சில நூறு கிலோமீட்டரில் மூலை மழுங்கிவிடும். கீழ்முனை நட்டில் பிடிப்பதா, பக்கத்து ஸ்குரூவில் பிடிப்பதா, கிளிப்பா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

எல்லோரும் கோட்டைவிடுவது இன்னர் வெளியே நீட்டும் அளவில்தான். கீழ்முனையைப் பினியனில் முழுதாக அமர்த்திய பிறகு, மேலே அவுட்டரின் வாயிலிருந்து இன்னர் எவ்வளவு நீட்டுகிறது என்று அளங்கள். மீட்டர் துளையின் ஆழத்தைத் தீக்குச்சியால் அளங்கள். நீட்டல் ஆழத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், நட்டை இறுக்கும்போது இன்னர் மீட்டரின் தண்டை மேலே தள்ளும். காந்தம் கிண்ணத்தில் உரசி முள் கண்டபடி ஆடும், கொஞ்ச நாளில் தண்டு இறுகி ஒயர் அறுந்துவிடும். ரொம்பக் குட்டையாக இருந்தாலோ முனை நுனிநாக்கில் பிடித்த மாதிரி நின்று, பள்ளத்தில் விழும்போதெல்லாம் நழுவும்.

நீளத்துக்கு: முன்வீல் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் கேபிள் விறைக்கக் கூடாது. ஹேண்டில்பார் உயரம் மாற்றிய வண்டிகளில் இந்தச் சோதனை கட்டாயம். வீட்டு வாசலில் சரியாக இருந்த கேபிள் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில்தான் தன் குட்டையைக் காட்டும்.

போகும் வழியில் எங்கும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவான வளைவு கூடாது. மீட்டருக்குக் கீழே முதல் 5 சென்டிமீட்டர் நேராக இறங்கட்டும். ஃபோர்க்கில் கட்டும் கிளிப் கேபிளைத் தாங்க வேண்டுமே தவிர நெரிக்கக் கூடாது.

புதுக் கேபிளாகவே இருந்தாலும் இன்னரை உருவிப் பாருங்கள். மேஜைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். இரண்டு முனையையும் பிடித்து ‘ப’ மாதிரி தொங்கவிட்டு ஒரு முனையை மெதுவாகத் திருப்பினால், மறுமுனையும் கூடவே திரும்ப வேண்டும். தங்கித் தங்கிச் சடக்கென்று குதித்தால் உள்ளே மடிப்பு இருக்கிறது. முள் ஆடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

கிரீஸ் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும், மெல்லிசாக. மேல் 15 சென்டிமீட்டரைத் துணியால் துடைத்து உலர்ந்தபடி விடுங்கள். இன்னர் ஒயரின் திருகு ஒரு ஸ்குரூ மாதிரி கிரீஸை மேலே ஏற்றிவிடும். அது மீட்டருக்குள் போனால் கிண்ணத்தில் ஒட்டி, முள் ஒருநாள் கடைசி எண்ணில் போய் நின்றுகொள்ளும். வேலூர் சித்திரை வெயிலில் கிரீஸ் எண்ணெயாக உருகும் ஊர் இது. அள்ளிப் பூசினால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வீல் மாட்டும்போது

பினியன் பெட்டியின் உள்வளையத்தில் இரண்டு காது இருக்கும். ஹப்பில் அதற்கான பள்ளம். இரண்டும் பொருந்திய பிறகே ஆக்ஸிலை இறுக்க வேண்டும். பொருந்தாமல் இறுக்கினால் காது நசுங்கும். மீட்டர் அன்றே நிற்கும், வீலும் இறுகும். பெட்டியின் வெளி முளை ஃபோர்க்கின் தடுப்பில் அண்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பெட்டியே வீலோடு சுற்றி, கேபிளை முறுக்கிப் பிய்த்துவிடும்.

ஒயர் அடிக்கடி அறுகிறது என்றால் அறுந்த இடத்தைப் பாருங்கள். மேல்முனை பக்கம் அறுந்திருந்தால் மீட்டரின் தண்டு இறுகியிருக்கிறது. துண்டு ஒயரை விட்டுச் சுற்றினால் விரலுக்கே தெரியும். கீழ்முனை பக்கம் என்றால் பினியன் காய்ந்திருக்கும், அல்லது மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கும். காரணத்தை விட்டுவிட்டு ஒயரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் ஒயர்தான் வாங்குவீர்கள்.

மீட்டர் பல்பின் வோல்ட்டையும் பார்த்துப் போடுங்கள். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு மினுக்கென்று எரியும். மாற்றிப் போட்டால் ஒரே நொடியில் போய்விடும். மீட்டரைத் தாங்கும் ரப்பர் புஷ் காய்ந்திருந்தால் மாற்றுங்கள், குறிப்பாகப் புல்லட்டில். அந்த அதிர்வு முள்ளின் தண்டைத்தான் தின்னும்.

சாலையில் சரிபார்ப்பு

பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் போங்கள். கிலோமீட்டர் கல் ஒன்றில் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, சரியாக 5 கல் தாண்டி மறுபடி குறியுங்கள். இடையில் மேம்பாலம், சர்வீஸ் ரோடு என்று இறங்கி ஏறக் கூடாது. ஓடோமீட்டரில் 4.9 முதல் 5.2 வரை இருந்தால் திருப்தி. முள்ளைச் சோதிக்கப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கட்டும். 40, 60 என்று இரண்டு வேகத்தில், ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் சீராக ஓட்டிப் பார்த்தால் போதும். ஓட்டுபவர் கைபேசியைப் பார்க்கக் கூடாது.

15 வருடம் கடந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகம் போகிறீர்கள் என்றால், மீட்டர் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஸ்பீடோமீட்டர் கட்டாயம். பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதன் ஓடோமீட்டர் எண்ணைக் கைபேசியில் படமெடுத்துவிட்டு, புதிய மீட்டரின் தொடக்க எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஆர்சி கவருக்குள் வையுங்கள். அடுத்த ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்ற கணக்குக்கும் அந்தச் சீட்டுதான், வண்டியை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் அதேதான்.